ஜூரி சம்மன் வந்தால் என்ன செய்வது? கலிஃபோர்னியாவில் குடியேறிய தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி நினைவிருக்கும்: குடிமக்களுக்கு மட்டுமே உரிய பொறுப்பு ஒன்றைச் சொல்லுங்கள். 2008ஆம் ஆண்டுப் பதிப்பின் 100 கேள்விகளில் அது 49ஆவது. சரியான விடைகள் இரண்டு: ஜூரியில் (கோர்ட்டில் வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில்) உட்காருவது, ஃபெடரல் தேர்தலில் வோட்டுப் போடுவது. பெரும்பாலும் வோட்டைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். ஜூரி என்கிற மற்றப் பாதி, கோர்ட்டிலிருந்து சம்மன் வரும்வரை மறந்துதான் கிடக்கிறது.

இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு ஜூரி என்பது தாத்தா காலத்துச் செய்தி. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஜூரிக்கு முன்னால்தான் நின்றார்கள். 1959இல் பம்பாயில் கொலை வழக்கில் சிக்கிய கடற்படை அதிகாரி நானாவதியை ஜூரி விடுவித்து, அந்தத் தீர்ப்பு மேல் கோர்ட்டில் மாறியது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போனது. அதனால், ‘இந்தத் தேதியில் கோர்ட்டுக்கு வரவும்’ என்ற காகிதத்தைப் பார்த்ததும் வயிற்றில் புளியைக் கரைப்பது இயல்புதான். நமக்குத் தெரிந்த கோர்ட் என்பது, எதிலாவது மாட்டிக்கொண்டவர்கள் போகும் இடம்.

ஆனால் இந்தச் சம்மனால் வரும் சிரமத்தில் பெரும்பகுதியைக் குறைப்பதற்கான வழிகள் விதிகளிலேயே இருக்கின்றன. எந்த வாரம் போவது, சம்பளத்தை எப்படிக் காப்பது, எப்போது விலக்குக் கேட்பது, யாரிடம் என்ன சொல்வது எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. கேட்காதவர்களுக்குத்தான் அது கிடைப்பதில்லை. ஜூரி விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் இங்கே கலிஃபோர்னியாவை மட்டும் வைத்துச் சொல்கிறேன்.

முதல் படி: அனுப்பியது யார் என்று பாருங்கள்

கலிஃபோர்னியாவில் 58 கவுன்டிகள் (நம் மாவட்டம் மாதிரி), கவுன்டிக்கு ஒரு சுப்பீரியர் கோர்ட், அதாவது மாநிலக் கோர்ட். உங்களுக்கு வரும் சம்மன் அநேகமாக அங்கிருந்துதான் வந்திருக்கும். ஃபெடரல் கோர்ட்டிலிருந்தும் வரலாம். இரண்டுக்கும் விதி வேறு, ஜூரிக்கு வருபவருக்குத் தரும் படித்தொகை வேறு, கட்டடமும் வேறு. சான் ஹோசேயில் இரண்டு வகைக் கோர்ட்டும் இருக்கின்றன. கவுன்டி கோர்ட்டுக்கே பல கட்டடங்கள் உண்டு. ஆகவே முகவரியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள்.

தபாலில் வராமல் போனில் வந்தால் நம்பாதீர்கள். ‘ஜூரி டியூட்டிக்கு வராமல் விட்டுவிட்டீர்கள், உங்கள் பேரில் வாரன்ட் இருக்கிறது, உடனே பணம் கட்டுங்கள்’ என்று மிரட்டிக் கிஃப்ட் கார்டு எண்ணைக் கேட்கும் மோசடி நாடு முழுக்க நடக்கிறது. கோர்ட் போனில் பணம் கேட்காது. வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போலீஸ், கோர்ட் என்று கேட்டாலே பதறிப்போகிறவர்களைத்தான் இந்தக் கூட்டம் தேடுகிறது.

இரண்டாம் படி: நீங்கள் தகுதியானவரா?

அமெரிக்கக் குடியுரிமை, 18 வயது, அந்தக் கவுன்டியில் குடியிருப்பு, வழக்கைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஆங்கிலம். முக்கியமான தகுதிகள் இவ்வளவுதான். இதில் நம்மவர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் குடியுரிமை.

கிரீன் கார்டில் இருப்பவருக்கும் எச்-1பி விசாவில் இருப்பவருக்கும் சம்மன் வரும். காரணம் எளிது. முன்பு வாக்காளர் பட்டியலிலிருந்தும் டிஎம்வி (லைசென்ஸ் கொடுக்கும் துறை) பட்டியலிலிருந்தும் பெயர்களை எடுத்தார்கள். 2022 ஜனவரி முதல், மாநில வருமான வரி தாக்கல் செய்வோரின் பட்டியலும் அதில் சேர்ந்தது. லைசென்ஸ் எடுக்கவோ வரி கட்டவோ குடியுரிமை தேவையில்லை என்பதால், குடிமக்கள் அல்லாதவர்களின் பெயரும் உள்ளே வந்துவிடுகிறது. இது யாருடைய தவறும் இல்லை, பயப்பட ஒன்றும் இல்லை.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: சம்மனில் ‘நான் அமெரிக்கக் குடிமகன் அல்ல’ என்ற கட்டத்தை நிரப்பி, ஆன்லைனிலோ தபாலிலோ அனுப்பிவிட்டு, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். ‘கோர்ட்டே கூப்பிட்டிருக்கிறதே, போனால் மரியாதையாக இருக்குமே’ என்று குடிமகன் என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போகாதீர்கள். குடிமகன் அல்லாதவர் தன்னைக் குடிமகன் என்று சொல்லிக்கொள்வது குடியேற்றச் சட்டத்தில் மிகக் கடுமையாகப் பார்க்கப்படும் விஷயம். பின்னால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது காலை வாரிவிடும், நாடு கடத்தும் அளவுக்கும் போகலாம். வேண்டாத காகிதம் என்று குப்பையில் போடுவதும் கூடாது. பதில் வராவிட்டால், வர மறுத்தவர் என்றுதான் கோர்ட் எடுத்துக்கொள்ளும்.

பல தமிழ் வீடுகளில் முதல் சம்மன் வருவது பெற்றோருக்கு அல்ல, இங்கே பிறந்து 18 வயதைத் தொட்ட பிள்ளைக்கு. அப்பாவும் அம்மாவும் இன்னும் கிரீன் கார்டுக்குக் காத்திருப்பார்கள், பிள்ளை எங்கோ தொலைவில் கல்லூரியில் இருக்கும். அந்தப் பிள்ளைக்குச் சம்மனைப் படமெடுத்து அனுப்புங்கள், பதிலை அவரே போடட்டும். நிரந்தர வீடு இன்னும் இந்தக் கவுன்டிதான் என்றால் கோடை விடுமுறைக்குத் தேதியை மாற்றிக் கேட்கலாம். உங்கள் பிள்ளை அரசாங்கத்துக்குத் தன் பேரில் எழுதும் முதல் கடிதமாகக்கூட அது இருக்கலாம். நீங்கள் நிரப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

குடியுரிமை பெற்ற வயதான பெற்றோருக்கு வந்தால்? ஆங்கிலம் போதாது என்றால் அதற்கும் கட்டம் இருக்கிறது, உண்மையைச் சொன்னால் போதும். கலிஃபோர்னியாவில் 70 வயது ஆகிவிட்டது என்பதாலேயே விலக்கு இல்லை. ஆனால் 70 தாண்டியவர் உடல்நிலையைக் காரணமாகச் சொன்னால் டாக்டர் கடிதம் கேட்க மாட்டார்கள். நிரந்தரமான உடல்நலக் குறைபாடு இருந்தால், இனி கூப்பிடவே வேண்டாம் என்று நிரந்தர விலக்கும் கேட்கலாம்.

மூன்றாம் படி: தேதியை நீங்களே தேர்ந்தெடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். சம்மனில் அச்சடித்திருக்கும் தேதி கல்வெட்டு இல்லை. ஒரு தடவை தள்ளிவைக்கக் காரணம்கூடப் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். பல கவுன்டிகளில் 90 நாள்வரை, சிலவற்றில் அதற்கு மேலும் தள்ளலாம். கோர்ட் இணையதளத்தில் சம்மனில் உள்ள எண்ணைப் போட்டால் சில நிமிட வேலை.

கோர்ட்டுக்கும் இதுதான் பிடித்த வழி. முழு விலக்குக் கொடுப்பதைவிடத் தேதியைத் தள்ளிக்கொடுப்பதே மேல் என்று மாநில விதிகளே சொல்கின்றன. அதனால் ‘என்னால் வர முடியாது’ என்று எழுதுவதைவிட ‘இந்தத் தேதியில் வருகிறேன்’ என்று எழுதினால் வேலை சுலபமாக முடியும்.

சரி, எந்த வாரத்தைக் கேட்பது? உங்கள் வீட்டு நாட்காட்டியை விரித்துவையுங்கள். டிசம்பரில் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ டிக்கெட் போட்டிருந்தால் அதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். ஊரிலிருந்து வந்த நாளிலேயே கோர்ட்டுக்குப் போகிற மாதிரி வைத்துக்கொண்டு, தூக்கம் கலையாத கண்களோடு உட்கார்ந்திருக்க வேண்டாம். பள்ளிக்கூடம் நடக்கும் வாரம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அம்மா அப்பா வந்திருக்கும் வாரம், ஆபீஸில் ரிலீஸ் இல்லாத வாரம் நல்லது. ஒரு நாளை மட்டும் பார்க்காதீர்கள். வழக்கில் தேர்வாகிவிட்டால் அதற்கு அடுத்த வாரமும் ஓரளவு காலியாக இருக்க வேண்டும்.

பாலூட்டும் தாய்மார்களுக்குத் தனிச் சலுகை உண்டு. ஒரு வருடம்வரை தள்ளிவைக்கலாம், அப்போதும் பாலூட்டிக்கொண்டிருந்தால் புதுப்பிக்கலாம். டாக்டர் சீட்டு தேவையில்லை. இது சம்மனிலேயே ஒரு கட்டமாக இருக்கும். பிள்ளை பெற்ற களைப்பில் அதைப் படிக்காமல் விட்டுவிட வாய்ப்பு அதிகம் என்பதால் கணவர்மார்கள் படித்துச் சொல்லவும்.

ஊருக்குப் போயிருந்தபோது சம்மன் வந்து, திரும்பி வந்து பார்த்தால் தேதி கடந்துவிட்டதா? உடனே ஜூரி அலுவலகத்துக்கு எழுதுங்கள் அல்லது கூப்பிடுங்கள். புதுத் தேதி கொடுப்பதுதான் வழக்கம். அடுத்தடுத்து வரும் கடிதங்களையும் கண்டுகொள்ளாமல் இருப்பவர்களுக்குத்தான் அபராதம்: முதல் தடவை 250 டாலர், இரண்டாம் தடவை 750, அதற்கு மேல் 1,500 வரை போகலாம்.

விலக்கு எப்போது கேட்கலாம்?

‘நான் டாக்டர்’, ‘நான் சொந்தத் தொழில் செய்கிறேன்’ என்பதெல்லாம் கலிஃபோர்னியாவில் தானாக விலக்குத் தராது. தொழிலை வைத்து யாரையும் விட்டுவிடக்கூடாது என்றே சட்டம் சொல்கிறது. போலீஸ் அதிகாரிகளைப் போன்ற மிகச் சிலர்தான் விதிவிலக்கு. நியூயார்க்கில் ஒரு காலத்தில் டாக்டர், வக்கீல், பாதிரியார், மருந்தாளர், சடலம் பதப்படுத்துபவர் என்று நீண்ட விலக்குப் பட்டியல் இருந்தது. தலைமை நீதிபதி ஜூடித் கே எடுத்த முயற்சியால் 1996இல் அதை ஒழித்தார்கள். பிறகு 1999இல் நகர மேயர் ரூடி ஜூலியானியே ஜூரியில் உட்கார்ந்தார். எனக்கு இது மிகவும் பிடித்த சீர்திருத்தம். பலருக்கு விலக்குக் கொடுத்தால், மிச்சமிருக்கும் சிலர் மீண்டும் மீண்டும் வர வேண்டியிருக்கும். எல்லோரும் வந்தால் ஒவ்வொருவர் பங்கும் சுருங்கும்.

உண்மையான கஷ்டம் என்றால் தயங்காமல் கேளுங்கள். கோர்ட் ஏற்கும் காரணங்கள் விதிகளில் தெளிவாக இருக்கின்றன. வேறு யாரிடமும் விட்டுவர முடியாத குழந்தையையோ நோயாளியையோ நீங்கள்தான் கவனிக்கிறீர்கள் என்பது ஒன்று. கோர்ட்டுக்குப் போய்ச்சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அல்லது போக வண்டி வசதியே இல்லை என்பது இன்னொன்று. குடும்பத்தின் பிழைப்பே ஆட்டம் காணும் அளவுக்குப் பண நெருக்கடி வரும் என்பதும் ஏற்கப்படும்.

பண நெருக்கடியைச் சொல்லும்போது பொதுவாக எழுதாதீர்கள். வீட்டில் வேறு வருமானம் உண்டா, கம்பெனி சம்பளம் தருமா, வழக்கு எத்தனை நாள் போகும், அதனால் குடும்பம் எந்த அளவு பாதிக்கும் என்பதைத்தான் பார்ப்பார்கள். வீட்டிலிருந்து டிபன் செய்து கொடுத்துப் பிழைப்பவர், நாட்டிய வகுப்பு நடத்துபவர், வண்டி ஓட்டுபவர் என்றால் ‘ஒரு நாள் வராவிட்டால் இவ்வளவு வருமானம் போகும், வேறு சம்பாத்தியம் இல்லை’ என்று எழுதி, கையில் இருக்கும் ஆதாரத்தைச் சேர்த்து அனுப்புங்கள்.

‘ஆங்கிலம் தெரியாது என்று சொல்லிவிடு’, ‘இனவெறி இருப்பதுபோலப் பேசு, அனுப்பிவிடுவார்கள்’ என்று யோசனை சொல்கிறவர்களும் உண்டு. கேட்காதீர்கள். சத்தியம் வைத்துச் சொல்லும் பதில் அது. வேலை நிமித்தம் நாள்பூரா ஆங்கிலத்தில் மீட்டிங் எடுக்கிறவர் நீதிபதி முன்னால் மொழி தெரியாது என்று நிற்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். அதைவிட முக்கியம், அந்த அறையின் மறுபக்கம் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். ஜாமீனுக்குப் பணம் இல்லாமல் பல மாதம் சிறையிலேயே காத்திருந்தவராக இருக்கலாம். நாளை நம் பிள்ளைகளில் ஒருவர் அங்கே உட்கார நேர்ந்தால், ஜூரியின் பன்னிரண்டு பேரில் நம்மைப்போன்ற முகம் ஒன்றாவது வேண்டும் என்று ஆசைப்படுவோம் இல்லையா?

நான்காம் படி: ஆபீஸில் பேசுங்கள்

சம்மன் வந்த அன்றே மேனேஜருக்கும் எச்ஆருக்கும் நகல் அனுப்பிவிடுங்கள். முன்கூட்டியே தெரிவித்துவிட்டால், ஜூரிக்குப் போனதற்காகக் கம்பெனி உங்களை வேலையைவிட்டு நீக்கவோ தண்டிக்கவோ சட்டப்படி முடியாது. இது மாநிலக் கோர்ட்டுக்கும் பொருந்தும், ஃபெடரல் கோர்ட்டுக்கும் பொருந்தும்.

சம்பளம் வேறு விஷயம். கலிஃபோர்னியாவில் தனியார் கம்பெனி ஜூரி நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல பெரிய கம்பெனிகள் தாங்களாகவே தருகின்றன. எத்தனை நாளுக்கு என்பது கையேட்டில் இருக்கும், தேடிப் படியுங்கள். அப்புறம், ஐடி துறையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் ஒரு ஃபெடரல் விதி உண்டு, பலருக்கும் அது தெரிவதில்லை. நீங்கள் ஓவர்டைம் இல்லாத எக்ஸெம்ப்ட் வகை மாதச் சம்பள ஊழியர் என்றால், ஒரு வாரத்தில் கொஞ்சமாவது வேலை செய்துவிட்டு மீதி நாள் ஜூரிக்குப் போனதற்காக அந்த வாரச் சம்பளத்தைப் பிடிக்கக்கூடாது. கோர்ட் கொடுத்த படியை மட்டும் கழித்துக்கொள்ளலாம். வாரம் முழுக்க வேலையே செய்யாவிட்டால் பிடிக்கலாம்.

கன்சல்டன்சி வழியாக மணிக்கணக்கில் வேலை செய்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. சேர்ந்திருக்கும் லீவைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நீண்ட வழக்கு என்றால் மேலே சொன்ன பண நெருக்கடிக் காரணத்தை நீதிபதியிடமே சொல்லலாம்.

ஐந்தாம் படி: முதல் நாள்

பல கவுன்டிகளில் நேரே போய் நிற்க வேண்டியதில்லை. உங்களுக்கு ஒரு குழு எண் கொடுத்திருப்பார்கள். முந்தைய நாள் மாலை இணையத்திலோ போனிலோ பார்த்தால், அந்தக் குழு மறுநாள் வர வேண்டுமா என்று தெரியும். ஒரு வாரம் முழுக்கப் பார்த்தும் கூப்பிடாமலே போனால் அதோடு உங்கள் கடமை முடிந்தது. தினமும் பார்க்க போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கூப்பிட்டுவிட்டால், கலிஃபோர்னியாவில் நடப்பது ‘ஒரு நாள் அல்லது ஒரு வழக்கு’ முறை. போன அன்று மாலைக்குள் எந்த வழக்குக்கும் உங்களை அனுப்பாவிட்டால், குறைந்தது 12 மாதத்துக்குக் கவலை இல்லை. தேர்வானால் அந்த ஒரு வழக்கு மட்டும். இது ஒரு காலத்தில் இப்படி இல்லை. வாரக்கணக்கில் தினமும் வந்து காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. 1970களில் டெக்சாஸ், மிச்சிகன் போன்ற இடங்களில் சில கவுன்டிகள் இதை மாற்றிப் பார்த்தன. மாசசூசெட்ஸ் 1979இல் மிடில்செக்ஸ் கவுன்டியில் தொடங்கி 1980களின் முடிவுக்குள் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தது. குடிமக்களின் சுமையை இவ்வளவு குறைத்த மாற்றம் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

காலையில் விமான நிலையத்தில் இருப்பதுபோலச் சோதனை இருக்கும். பழம் நறுக்கும் கத்தி, கத்தரிக்கோல் எதுவும் பையில் வேண்டாம். காத்திருக்கும் கூடத்தில் பெரும்பாலும் வைஃபை உண்டு, லேப்டாப்பில் வேலை பார்க்கலாம். கோர்ட் அறைக்குள் போனதும் போனை அணைக்க வேண்டும். பொதுவாகச் சாப்பாடு தர மாட்டார்கள், சைவம் சாப்பிடுகிறவர்கள் தயிர்சாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போவது நல்லது. ஏசி குளிரும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கிங் எங்கே என்பது சம்மனிலோ இணையதளத்திலோ இருக்கும். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகும் திட்டம் வேண்டாம், பார்த்துக்கொள்ள அங்கே ஏற்பாடு இருக்கும் என்று நம்ப முடியாது.

ஆறாம் படி: கேள்விகளுக்குப் பதில்

ஒரு கூட்டமாகக் கோர்ட் அறைக்கு அழைத்துப்போவார்கள். நீதிபதி வழக்கு எதைப் பற்றியது, எத்தனை நாள் ஆகும் என்று சொல்வார். அத்தனை நாள் வர முடியாதவர்கள் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அப்போது வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு மூன்றாம் நாள் கையைத் தூக்கினால் எல்லோருக்கும் கஷ்டம்.

பிறகு நீதிபதியும் வக்கீல்களும் கேள்வி கேட்பார்கள். என்ன வேலை, குடும்பத்தில் போலீஸ்காரர் உண்டா, இதுபோன்ற குற்றத்தால் பாதிக்கப்பட்டிருக்கிறீர்களா என்பதுபோல. இதில் சரியான பதில், தப்பான பதில் என்று இல்லை, உண்மையான பதில் மட்டுமே வேண்டும். குடும்ப வன்முறை, பாலியல் துன்பம் போன்றவற்றை ஊர் முன்னால் சொல்ல வேண்டிய நிலை வந்தால், ‘இதைத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன்’ என்று கேளுங்கள். அதற்கு வழி செய்வார்கள். நம் பெண்கள் பலருக்கு இப்படிக் கேட்கலாம் என்பதே தெரியாது. கடவுள் பேரில் சத்தியம் செய்ய விருப்பமில்லாதவர்கள் உறுதிமொழி மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கூச்சப்படாதீர்கள். காரணம் சொல்லாமலே சிலரை நீக்கும் உரிமை இரண்டு தரப்பு வக்கீல்களுக்கும் உண்டு, சாதாரணக் குற்ற வழக்கில் ஆளுக்குப் பத்துப் பேர்வரை. ஆனால் 2022 முதல் குற்ற வழக்குகளுக்குக் கலிஃபோர்னியாவில் ஒரு கடுமையான சட்டம் இருக்கிறது. ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்பதோ, இன்னொரு மொழி பேசத் தெரியும் என்பதோ ஒருவரை நீக்குவதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டால், அது செல்லாத காரணம் என்றுதான் கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். அந்தப் பட்டியலில் இவை இரண்டும் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கின்றன. நம்மைப்போன்றவர்களை மனதில் வைத்து எழுதிய வரிகள் அவை.

அப்படியும் அனுப்பிவிட்டால் அவமானமாக நினைக்க வேண்டாம். நீங்கள் வந்து உட்கார்ந்ததோடு உங்கள் கடமை முடிந்தது.

தேர்வாகிவிட்டால்

குறிப்பெடுக்க நோட்டு கொடுப்பார்கள். சாட்சியிடம் ஏதாவது கேட்கத் தோன்றினால் எழுதி நீதிபதியிடம் கொடுக்கலாம், கேட்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. வழக்கைப் பற்றிக் கூகுளில் தேடக்கூடாது, சம்பவ இடத்தைப் போய்ப் பார்க்கக்கூடாது, வீட்டில்கூடப் பேசக்கூடாது. வாட்ஸ்அப் குழுவில் ‘இன்னிக்குக் கோர்ட்ல என்ன நடந்துச்சு தெரியுமா’ என்று ஒரு வரி போட்டாலும் பல நாள் உழைப்பு வீணாகி, வழக்கை முதலிலிருந்து நடத்த வேண்டி வரலாம்.

இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு ஒரு விசேஷச் சிக்கல் இருக்கிறது. ஒரு சாட்சி தமிழிலோ இந்தியிலோ பேசி, மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காதில் விழுந்த தமிழை வைத்து முடிவெடுக்கக்கூடாது. மொழிபெயர்ப்பாளர் சொன்ன ஆங்கிலம்தான் சாட்சியம். பக்கத்தில் இருப்பவரிடம் ‘அவர் உண்மையில் சொன்னது இது’ என்று விளக்கவும் கூடாது. மொழிபெயர்ப்பு தவறு என்று பட்டால் உடனே நீதிபதிக்குக் குறிப்பு எழுதிக் கொடுங்கள். முதலில் அநியாயமாகத் தோன்றும். ஆனால் பன்னிரண்டு பேரும் ஒரே சாட்சியத்தை வைத்துத்தானே பேச வேண்டும்? தவறைத் திருத்தும் வேலை திறந்த கோர்ட்டில் இரண்டு தரப்புக்கும் தெரிய நடக்க வேண்டும் என்பதே இதன் நியாயம்.

கடைசியில் ஜூரி அறையில் கலந்து பேசுவீர்கள். குற்ற வழக்கில் பன்னிரண்டு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும், சிவில் வழக்கில் ஒன்பது பேர் போதும். படித்தவர், அமைதியானவர் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வாயைத் திறக்காமல் இருப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். அங்கே அது வேண்டாம். சந்தேகம் இருந்தால் சொல்லுங்கள்.

படி விஷயம்

கலிஃபோர்னியாவில் வழக்கமான படி இரண்டாம் நாளிலிருந்து தினம் 15 டாலர். பயணத்துக்கு மைலுக்கு 34 சென்ட், அதுவும் இரண்டாம் நாளிலிருந்து. சிலிக்கான் பள்ளத்தாக்கில் இந்தப் பதினைந்து டாலரில் ஒரு வேளை மதியச் சாப்பாடு வருவதே சிரமம். ஒப்பிட்டுப் பாருங்கள்: மாசசூசெட்ஸில் முதல் மூன்று நாள் சம்பளத்தைக் கம்பெனி தர வேண்டும், நான்காம் நாளிலிருந்து அரசு 50 டாலர் தருகிறது. டெக்சாஸ் 2023 செப்டம்பரில் முதல் நாள் படியை 20 டாலராகவும் அடுத்த நாட்களுக்கு 58 டாலராகவும் உயர்த்தியது. மின்னசோட்டாவில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறார்கள். அரிசோனாவில் நீண்ட வழக்குகளுக்கென்றே தனி நிதி இருக்கிறது.

இங்கேயும் முயற்சி நடக்கிறது. 2022இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வருமானம் குறைந்தவர்களுக்குக் குற்ற வழக்குகளில் தினம் 100 டாலர் கொடுத்துப் பார்க்கும் ‘பி த ஜூரி’ திட்டம் தொடங்கியது. 2024இல் அலமீடா, ஃபிரெஸ்னோ உட்பட ஏழு கவுன்டிகளில் படியை 100 டாலராக்கிச் சோதித்தார்கள். இது மாதிரித் திட்டங்கள் தொடங்குவதும் முடிவதும் உண்டு என்பதால், உங்கள் கவுன்டியில் இப்போது என்ன படி என்று சம்மனைப் பதிவு செய்யும்போதே பாருங்கள்.

இந்தச் சோதனைகள் நிரந்தரச் சட்டமாக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். 15 டாலருக்கு நாள் முழுக்க உட்கார யாரால் முடியும்? சம்பளம் பிடிக்கப்படாதவர்களாலும் ஓய்வு பெற்றவர்களாலும்தான். மோட்டலில் வேலை செய்பவரும், கடையில் கல்லாவில் நிற்பவரும், முதியோரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் கஷ்டம் சொல்லி வெளியே போய்விடுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் இல்லாத ஜூரி, ஊரின் முழு முகமாக இருக்காது. உங்கள் தொகுதியின் மாநில சட்டமன்ற உறுப்பினருக்கு இதைப் பற்றி ஒரு கடிதம் எழுதுவது பெரிய வேலை இல்லை.

முடிந்த பிறகு

கிளம்பும்போது வந்துபோனதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். ஆபீஸுக்கு அதுதான் ஆதாரம். 12 மாதத்துக்குள் மறுபடி சம்மன் வந்தால் அதைக் காட்டி நிறுத்தலாம். படிக்கான காசோலை பிறகு தபாலில் வரும். அது வருமான வரிக் கணக்கில் சேர வேண்டிய தொகை. கம்பெனி முழுச் சம்பளம் தந்து படியைத் திருப்பி வாங்கிக்கொண்டால், அதே தொகையைக் கணக்கில் கழித்துக்காட்ட இடம் உண்டு. தீர்ப்பு வந்த பிறகு வக்கீல்கள் வெளியே வந்து உங்களிடம் பேச விரும்பலாம். பேசலாம், பேசாமலும் போகலாம், அது உங்கள் விருப்பம். யாராவது விடாமல் தொந்தரவு செய்தால் நீதிபதிக்குத் தெரியப்படுத்துங்கள்.